லாங்-ஈஸி: கைக்கு எட்டாத ஒரு வால்வு

வீட்டு கராஜ்ல நீங்களே ஒரு விமானத்தைக் கட்டி, அதுல பறக்க முடியுமா? அமெரிக்காவுல முடியும். கட்டுற வேலையில பாதிக்கு மேல தனி ஆட்கள் தங்கள் ஆர்வத்துக்காகச் செய்திருந்தா, ‘எக்ஸ்பெரிமென்டல்’ங்கிற பிரிவுல அதுக்கு அனுமதி வாங்கலாம். அப்படி வந்த ஒரு ரெண்டு சீட் விமானம்தான் லாங்-ஈஸி.

இதை வடிவமைச்சவர் பர்ட் ரூட்டன். கலிஃபோர்னியாவின் மொஹாவியில இருந்தவர். முதல்ல 1975-ல வேரி-ஈஸி பறந்தது. அதையே பெரிசாக்கி 1979-ல லாங்-ஈஸி. அச்சு எதுவும் வேண்டாம். ஃபோம் கட்டையைச் சூடான கம்பியால இறக்கை வடிவத்துக்கு வெட்டி, மேலே ஃபைபர் கிளாஸ் துணியை எபாக்ஸி தடவி ஒட்டணும். அவ்வளவுதான்னு சொல்லலாம், ஆனா நிறைய பேருக்கு வருஷக்கணக்கா இழுத்துச்சு.

பார்க்க விசித்திரமா இருக்கும். சின்ன இறக்கை முன்னாடி, பெரிய இறக்கையும் எஞ்சினும் புரொப்பல்லரும் பின்னாடி. வேகம் ரொம்பக் குறைஞ்சா முன் இறக்கைதான் முதல்ல தூக்குவிசையை இழக்கும்; மூக்கு தானா இறங்கும், வேகம் திரும்ப வந்துடும். பழைய விமானங்கள் நிறைய பேரைக் கொன்ன ‘ஸ்டால்’ பிரச்சினைக்கு ரூட்டன் சொன்ன பதில் இது. காலி எடை சுமார் 320 கிலோ, எரிபொருளோ ஏறக்குறைய 200 லிட்டர் பிடிக்கும். குறைன்னா, இறங்குற வேகம் அதிகம், நீளமான ரன்வே வேணும். சக்கரம் கிளப்புற கல்லு நேரா புரொப்பல்லர்ல போய் அடிக்கும்.

காகிதத்துல இருக்கிற லாங்-ஈஸி இதுதான். ஆனா ஒவ்வொருத்தர் கராஜ்லயும் பிறந்தது வேற வேற விமானம். வரைபடத்தை மாத்தக்கூடாதுன்னு சட்டம் கிடையாது.

பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபர்ல வாங்கின லாங்-ஈஸி அப்படித்தான். அவர் கத்துக்குட்டி இல்லை, 2,700 மணி நேரத்துக்கு மேல பறந்தவர். அந்த விமானத்துல எந்த டாங்கிலிருந்து எரிபொருள் வரணும்னு மாத்துற வால்வை, ரூட்டன் விமானியோட கால்களுக்கு நடுவுல வரைஞ்சிருந்தார். கட்டினவரோ எரிபொருள் குழாய் காக்பிட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு நினைச்சு, இடது தோளுக்குப் பின்னாடி வச்சுட்டார். பயந்தது நியாயம்தான், வச்ச இடம்தான் தப்பு. எரிபொருள் அளவைக் காட்டுற குழாய்களும் பின்சீட்டுப் பக்கம். அதுல அளவுக் குறியீடு கூட இல்லை.

அக்டோபர் 12, மான்டரே விமான நிலையம். பறக்கறதுக்கு முன்னாடி டென்வரும் ஒரு டெக்னீஷியனும் இந்தக் கைப்பிடியைப் பத்திப் பேசியிருக்காங்க. இடுக்கி மாட்டி நீட்டிப் பார்த்தாங்க, சரிப்படலை. அளவைப் பார்க்க டெக்னீஷியன் ஒரு கண்ணாடி கொடுத்தார். எரிபொருள் நிரப்பணுமான்னு கேட்டதுக்கு, ஒரு மணி நேரம்தானே, வேண்டாம்னு டென்வர் கிளம்பினார். மூணு தடவை ரன்வேயைத் தொட்டு எழும்பிட்டு, கடலோரமா போனார். பசிஃபிக் குரோவ் பக்கத்துல விமானம் கடல்ல விழுந்தது. டென்வர் இறந்துட்டார்.

விசாரணை அதிகாரிகள் இன்னொரு லாங்-ஈஸியில உட்கார்ந்து, அந்த வால்வு இருக்கிற இடத்துக்கு உடம்பைத் திருப்பிப் பார்த்தாங்க. திரும்பும்போதெல்லாம் வலது கால் தானாகவே ரடர் பெடலை அழுத்துச்சு! 1999 ஜனவரியில வந்த முடிவு, கவனம் சிதறினதையும் இந்த வகை விமானத்துல போதுமான பயிற்சி இல்லாததையும் சொன்னது. வால்வை அங்கே வச்ச முடிவையும் சேர்த்தே சொன்னது.

ரூட்டன் 1985-லயே வரைபட விற்பனையை நிறுத்திட்டார். யாரோ கட்டினதுக்குத் தன் மேல வழக்கு வரும்ங்கிற பயம். பழைய லாங்-ஈஸிகள் மட்டும் இன்னும் கைமாறிக்கிட்டுதான் இருக்கு. வாங்கப் போறவங்க வேகம், தூரம் எல்லாம் விசாரிக்கிறதுக்கு முன்னாடி, பெல்ட்டைப் போட்டு உட்கார்ந்து வால்வுக்குக் கையை நீட்டிப் பார்க்கணும்.

1986-ல நடுவுல எங்கேயும் எரிபொருள் நிரப்பாம 9 நாள்ல உலகத்தைச் சுத்தி வந்த வாயேஜரும் ரூட்டன் வடிவமைச்சதுதான். அது அடுத்த எபிசோட்ல.