அறிக்கையும் படமும்
2017இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் 112,120 மார்பு எக்ஸ்கதிர்ப் படங்களை வெளியிட்டது. எக்ஸ்கதிர் வைத்தியரில்லாத வறிய நாடுகளுக்கும் இது உதவும் என்றனர். படங்களுக்கு நோய்ப்பெயர் இட்டதோ கணனி. அதுவும் படத்தைப் பார்த்தன்று, வைத்தியரின் அறிக்கையை வாசித்தே. அவர் ஐயத்தோடு "இருக்கலாம்" என்று எழுதியது அங்கே "இல்லை" ஆயிற்று.

அவ்வாண்டே ஆஸ்திரேலிய வைத்தியர் லூக் ஓக்டன்-ரேய்னர் படங்களைத் தம் கண்ணால் பார்த்து, பெயர்கள் பல பொருந்தவில்லை எனக் காட்டினார். 2019இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தார் ஐயத்துக்கெனத் தனிக் குறியொன்று வைத்தனர். 2020இல் அவர்கள் அமைத்த மொழி மாதிரி, பழைய நிரல் இட்ட குறிகளிலேயே முதற்பாடம் கற்று, பின்னர் வைத்தியர் இட்ட குறிகளாற் செம்மைபெற்று, அந்நிரலையே விஞ்சியது. மெச்சத்தக்கதுதான். ஆயினும் அறிக்கையே மௌனமானால் மாதிரி என் செய்யும்? பழைய நோயாளி, தெரிந்த நோய். வைத்தியர் எழுதுவது "மாற்றமில்லை" என்ற ஒரு சொல்லே.