ஒரு தோட்டாவின் வரலாறு

கருவிகளின் வரலாற்றைக் கூறப் புகுவோர் பெரும்பாலும் அவற்றின் வலிமையையே வியந்து பேசுவர். வலிமையை அளவோடு பொருத்துவது அதனினும் அரிய கலை என்பதை வேட்டைத் தோட்டாவின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

ஆங்கிலேயர் ஆட்சியில் மத்திய இந்தியக் காடுகளுக்குச் சென்ற வேட்டைக்காரருக்கு ஒரே பயணத்தில் புள்ளிமானும், புலியும், காட்டெருமையும் எதிர்ப்படக்கூடும். புள்ளிமான் கலையின் எடை சுமார் 80 கிலோ. காட்டெருமைக் காளையோ 800 கிலோவையும் கடக்கும். எருமைக்கு ஏற்ற பெருங்குண்டு மானின் உடலைச் சிதைத்துவிடும்; மானுக்கு ஏற்ற சிறுகுண்டு எருமையை வீழ்த்தாமல் காயப்படுத்திவிடும். எனவே செல்வர் பல துப்பாக்கிகளையும், அவற்றைச் சுமக்க ஆட்களையும் உடன்கொண்டு சென்றனர். ஏனையோருக்கு ஒரே துப்பாக்கி பலவற்றுக்கும் பயன்படவேண்டியிருந்தது.

இத்தேவைக்கு விடையாக, லண்டனைச் சேர்ந்த ஹாலந்து அண்டு ஹாலந்து நிறுவனம் 1912-இல் '.375 மாக்னம்' என்னும் தோட்டாவை வெளியிட்டது. குண்டின் விட்டம் ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டர். அதனை 235, 270, 300 கிரெயின் என மூன்று எடைகளில் செய்தனர். இலேசான குண்டு மானுக்கு. கனத்த குண்டு பெருவிலங்குக்கு. குண்டை மாற்றினாலும் வேட்டைக்குரிய தூரத்தில் குறி பெரிதும் மாறுவதில்லை என்பதே இதன் புகழுக்குக் காரணம். தோட்டாவின் அடியில் அமைந்த பட்டை வளையம் அதனைத் துப்பாக்கியின் அறைக்குள் உரிய இடத்தில் நிறுத்தியது.

எனினும், எத்துணைச் சிறந்த தோட்டாவும் தவறிய குறியைத் திருத்திவிடாது. 1907-இல் ஜிம் கார்பெட் குமாவோனில் சம்பாவத் பெண்புலியைச் சுட்டு வீழ்த்தினார். அது 436 மனிதர்களைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்டது. அதன் வாயின் வலப்புறக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. முன்னொரு துப்பாக்கிச் சூட்டால் நேர்ந்த அக்காயமே, இயற்கையான இரையைப் பிடிக்கவியலாமற்செய்து அதனை ஆட்கொல்லியாக்கிற்று என்று அவர் எழுதினார். யாரோ ஒருவர் சுட்டு வீழ்த்தாமல் விட்ட புலிக்கு, அவரை அறியாத மலைக்கிராமத்தார் விலை கொடுத்தனர்.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் புலி முதலியவற்றின் வேட்டையைத் தடை செய்தது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் அத்தடையை மேலும் விரிவாக்கியது. எந்த விலங்குக்கு எந்தத் தோட்டா என்ற வினா இந்நாட்டுக் காடுகளில் பழங்கதையாயிற்று. ஆயினும், கையிலுள்ள ஆற்றலை அளவறிந்து பயன்படுத்தாதவனின் பிழையைப் பிறரே சுமக்க நேரும் என்ற பாடம் பழங்கதையாகிவிடவில்லை. அதனை நாம் நினைவிற்கொள்வோமாக.