ஒரே கூரை, இரண்டு சட்டங்கள்

ஓர் உறையில் இரண்டு வாள் இராது என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. ஒரே வீட்டில் இரண்டு சட்டங்கள் இருத்தல் இயலுமா என்பது இன்று நான் உங்கள்முன் வைக்க விரும்பும் வினா. வரலாற்று ஆசிரியனாகிய எனக்கு இவ்வினாவை அளித்தவர் என் வகுப்பு மாணவர் ஒருவரே. அமெரிக்க நாட்டு அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தைப் பற்றி அன்று பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். 1791-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அத்திருத்தம், படைக்கலம் வைத்திருக்கும் உரிமையைப் பேசுகிறது. அம்மாணவர் எழுந்து, "ஐயா, ஒரு தாயிடம் சட்டப்படி வாங்கிய துப்பாக்கி ஒன்று இருக்கிறது. சிறையிலிருந்த அவள் மகன் பரோல் பெற்று அந்த வீட்டுக்கே திரும்பி வருகிறான். இனி அத்துப்பாக்கியின் கதி என்ன?" என்று கேட்டார். உடனே விடை கூற என்னால் இயலவில்லை. பின்னர் நூல்களையும் தீர்ப்புகளையும் தேடிப் படித்து நான் அறிந்தவற்றையே இங்குக் கூறுகிறேன்.

முதலில் பரோல் என்னும் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். நம் நாட்டில் பரோல் என்றால், கைதி ஒருவர் வீட்டுத் திருமணத்திற்கோ சாவிற்கோ சில நாள் விடுப்பில் வந்து மீண்டும் சிறைக்குத் திரும்புவதையே பெரும்பாலும் கருதுகிறோம். அமெரிக்காவில் அதன் பொருள் வேறு. தண்டனைக் காலத்தின் ஒரு பகுதியைச் சிறையில் கழித்தவர், எஞ்சிய பகுதியைக் கண்காணிப்பின்கீழ் வெளியில் கழிப்பதே அங்குப் பரோல் எனப்படும். பிரெஞ்சு மொழியில் இச்சொல்லுக்கு 'வாய்மொழி', 'வாக்கு' என்று பொருள். போரில் பிடிபட்ட வீரர், இனிப் படைக்கலம் ஏந்தமாட்டேன் என்று வாக்களித்து விடுதலை பெற்ற பண்டை வழக்கிலிருந்து இச்சொல் வந்தது. ஆகவே பரோலுக்கும் படைக்கலத்துக்கும் உள்ள பகை அச்சொல் பிறந்த நாளிலேயே தொடங்கியது எனலாம்.

பசிபிக் கடலில் உள்ள நார்ஃபோக் தீவில், 1840-ஆம் ஆண்டில் கைதிகளின் பொறுப்பை ஏற்ற அலெக்சாண்டர் மக்கானக்கி என்பவர், உழைப்பாலும் நன்னடத்தையாலும் கைதி தன் விடுதலையைத் தானே ஈட்டிக்கொள்ளும் முறையை வகுத்தார். அக்கருத்து அயர்லாந்தின் வழியாக அமெரிக்காவை அடைந்தது. 1876-இல் நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா நகரில் திறக்கப்பட்ட சீர்திருத்தச் சிறையில் அது வேர்கொண்டது. பின்னர் அந்நாடெங்கும் பரவியது. 1984-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று, மைய அரசின் குற்ற வழக்குகளில் பரோலை நீக்கி, மேற்பார்வையுடன் கூடிய விடுதலை என்னும் வேறொரு முறையை அமைத்தது. மாநிலங்கள் பலவற்றில் பரோல் இன்றும் நிலவுகிறது.

பரோல் பெற்றவர் குறிப்பிட்ட முகவரியில் வாழவேண்டும், கண்காணிப்பு அலுவலரிடம் முறையாக வந்து நிற்கவேண்டும், துப்பாக்கியைத் தீண்டலாகாது. அவர் எங்கே சென்று வாழ்வார்? பெரும்பாலும் தாயின் வீட்டிலோ மனைவியின் வீட்டிலோ தமக்கையின் வீட்டிலோதான். சிக்கல் பிறக்கும் இடம் அதுவே.

துப்பாக்கிச் சட்டத்தின் வரலாற்றையும் சற்றுப் பார்ப்போம். வன்முறைக் குற்றத்திற்காகத் தண்டிக்கப்பட்டவர், மாநில எல்லை கடந்து வரும் துப்பாக்கியைப் பெறலாகாது என்று 1938-ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. 1961-இல் அத்தடை விரிந்தது. வன்முறைக் குற்றம் மட்டுமின்றி, சில விலக்குகள் நீங்கலாக, ஓராண்டுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனைக்குரிய எக்குற்றமும் அதனுள் அடங்கிற்று. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டில் இயற்றப்பட்ட சட்டங்கள், அத்தகையோர் துப்பாக்கியைக் கைவசம் வைத்திருத்தலையே குற்றமாக்கின. இதற்கு மறுபுறம், 2008-இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், தற்காப்பின்பொருட்டு வீட்டில் துப்பாக்கி வைத்திருத்தல் தனிமனிதரின் உரிமை என்று தீர்ப்பளித்தது. குற்றவாளிகள்மீது நெடுங்காலமாக உள்ள தடையை அத்தீர்ப்பு ஐயத்திற்கு உள்ளாக்காது என்றும் அதே தீர்ப்பிற் கூறியது. எனவே தாய்க்கு உரிமை உண்டு. மகனுக்குத் தடை உண்டு. இருவருக்கும் வாசற்படி ஒன்றே.

'கைவசம்' என்பது யாது? இச்சொல்லில்தான் வழக்குகள் யாவும் நிற்கின்றன. பொருள் கையில் இருந்தால்தான் கைவசம் என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் கொள்வதில்லை. வங்கிப் பெட்டகத்தில் உள்ள நகை நம் கழுத்தில் இல்லை. ஆயினும் சாவி நம்மிடம் இருப்பதால் அது நம் கைவசமே. அதுபோல, துப்பாக்கி இருப்பதை அறிந்து, அதனை ஆளும் ஆற்றலும் எண்ணமும் உடையவராக ஒருவர் இருந்தால், அவர் அதனைத் தொடாவிடினும் அது அவர் கைவசம் இருப்பதாகவே கருதப்படும். 2015-இல் எல்லைக் காவலராக முன்பு பணிபுரிந்த ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதனை மேலும் தெளிவாக்கியது. குற்றவாளி எனத் தீர்ப்புப் பெற்ற அவர், அரசிடம் ஒப்படைத்திருந்த தம் துப்பாக்கிகளை வேறொருவருக்கு மாற்றித்தர விரும்பினார். அவற்றைப் பெறுபவர் அவர் சொற்படி ஆடுபவராக இல்லாவிடில், அம்மாற்றம் குற்றமாகாது என்று நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர்.

இனித் தாயின் நிலையைக் காண்போம். பென்சில்வேனியா மாநிலத்தில், முன்னரே தண்டனை பெற்ற ஒருவருடன் ஒரே வீட்டில் வாழ்ந்த பெண்மணிமீது வழக்கு ஒன்று தொடுக்கப்பட்டது. துப்பாக்கியை வைத்திருக்க அவ்வாடவருக்கு உடந்தையாய் இருந்தார் என்பதே குற்றச்சாட்டு. அப்பெண்மணி துப்பாக்கி வைத்திருக்கத் தடையேதும் இல்லாதவர். ஆதலால், அவ்வழக்கைத் தொடரவிட்டால் அவருடைய உரிமையே அழிந்துவிடும் என்று கருதி, கீழ் நீதிமன்றம் குற்றச்சாட்டைத் தள்ளியது. 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனை மீண்டும் உயிர்ப்பித்தது. குற்றத்திற்குத் துணைபோகும் உரிமையை அரசியலமைப்பு எவருக்கும் அளிக்கவில்லை என்பது அதன் முடிபு. ஆயினும், தண்டனை பெற்றவருடன் ஒரே வீட்டில் வாழ்பவர் துப்பாக்கி வைத்திருத்தல் மட்டுமே குற்றமாகிவிடாது என்பதையும் அது வலியுறுத்தியது. முதலில் இத்தீர்ப்பைப் படித்தபோது, ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பறிப்பதாகவே எனக்குத் தோன்றிற்று. மறுமுறை படித்தபோதுதான் அதன் நுட்பம் புலனாயிற்று. துப்பாக்கியை வைத்திருத்தல் வேறு. அதனை மற்றவர் எடுக்குமாறு விட்டுவைத்தல் வேறு. இவ்வேறுபாட்டையே நீதிமன்றம் காத்தது.

மற்றொரு சுமையும் அத்தாய்க்கு உண்டு. 1987-இல் விஸ்கான்சின் மாநில வழக்கொன்றில், நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தவரின் இல்லத்தை நீதிபதியின் ஆணையின்றிச் சோதித்ததை உச்ச நீதிமன்றம் ஏற்றது. அங்கே தேடியதும் கிடைத்ததும் துப்பாக்கியே. 2006-இல் கலிபோர்னியா வழக்கில் அது மேலும் ஒருபடி சென்று, பரோலில் உள்ளவரைக் குறிப்பிட்ட ஐயம் ஏதும் இன்றியே சோதிக்கலாம் என்றது. மகனைத் தேடி வருபவர் தாயின் வீட்டு வாசலைக் கடந்தே வருவர் அன்றோ?

மகனுக்கும் காப்பு இல்லாமலில்லை. விசாரணையின்றிப் பரோலை நீக்கலாகாது என்று 1972-இல் அந்நீதிமன்றம் விதித்திருக்கிறது. ஆயினும் விசாரணை முடியும்வரை அவன் சிறையில் காத்திருக்க நேரலாம். இவ்வச்சத்தால், துப்பாக்கி உள்ள வீட்டில் தங்கலாகாது என்று பல இடங்களில் கண்காணிப்பு அலுவலர்கள் நிபந்தனை விதிக்கின்றனர். அப்போது தாய், துப்பாக்கியை விற்கவேண்டும். அல்லது வேறிடத்தில் ஒப்படைக்கவேண்டும். அல்லது மகனுக்கு வேறு கூரை தேடவேண்டும்.

கலிபோர்னியா மாநிலம் இதற்கு ஒரு வழி கண்டது. 2014-இல் நடைமுறைக்கு வந்த அதன் சட்டப்படி, தடைக்கு உட்பட்டவருடன் வாழும் வீட்டுக்காரர், தம் துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் வைக்கவேண்டும். அல்லது அதற்கே பூட்டு இடவேண்டும். இல்லையேல் தம் உடலோடு அணைத்து வைத்திருக்கவேண்டும். பெரிய உரிமைகளைப் பற்றிய நெடிய வாதம், கடைசியில் ஒரு சாவி யாரிடம் இருக்கிறது என்னும் எளிய வினாவில் வந்து முடிவதைப் பாருங்கள்.

மறுவாரம் என் மாணவரிடம் இவ்விடையையே கூறினேன்: துப்பாக்கி தாயுடையதே, ஆனால் அதன் சாவி ஒருபோதும் மகன் கைக்கு எட்டலாகாது. அவர் சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் தண்டனை மகனுக்கு மட்டும் இல்லையே, ஐயா" என்றார். அது முற்றிலும் உண்மை. தீர்ப்பில் எழுதப்படுவது ஒருவர் பெயரே ஆயினும், அத்தீர்ப்பின் பாரத்தைத் தாங்குவது ஒரு குடும்பம். ஆயினும் அத்தாய் பெட்டியைப் பூட்டி மகனுக்குக் கதவைத் திறக்கிறாள் என்றால், சட்டம் கேட்பதையும் அவள் செய்துவிட்டாள். தாய்மை கேட்பதையும் செய்துவிட்டாள். சட்டங்களின் வரலாற்றைப் படிக்கும்போது, ஆண்டுகளுக்கும் பிரிவுகளுக்கும் பின்னால் இத்தகைய இல்லங்கள் இருப்பதை, மாணவர்களே, நீங்கள் மறவாதிருக்க வேண்டுகிறேன்.