படத்துக்குப் பின்னால் பெயர் எழுதுங்கள்

கடந்த வருசம் ஒரு சனிக்கிழமை விடியக்காலமை எங்கட பச்சில் ஐந்து பேர் மயிலிட்டித் துறைமுகத்துக்குப் போனோம். ஆளுக்கொரு போன். ஒருத்தரிட்ட மட்டும் மாமா கனடாவிலிருந்து கொண்டுவந்து குடுத்த பழைய கமெரா இருந்தது. கரைக்கு வந்த படகுகள், வலையிலிருந்து மீன் கழற்றுகிற கைகள், ஐஸ் பெட்டிகள், சிதறின மீனுக்காகக் காத்துநின்ற கொக்குகள் என்று முந்நூறு படத்துக்கு மேல் எடுத்தோம். அதில் பன்னிரண்டைத் தெரிவுசெய்து அன்றிரவே பகிர்ந்தோம். "கடலின் மைந்தர்கள்" என்று தலைப்பும் வைத்தோம். லைக்குகள் வந்தன, சந்தோசப்பட்டோம்.

இரண்டு நாள் கழித்து வேறொரு பீடத்தில் படிக்கிற ஒரு தங்கச்சி செய்தி அனுப்பியிருந்தா. "அண்ணா, அக்கா, மூண்டாவது படத்தில இருக்கிறது என்ர அப்பப்பா. அவருக்குப் பேர் இருக்கு. கடலின் மைந்தன் எண்டு ஏன் போட்டிருக்கிறீங்கள்?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. முந்நூறு படம் எடுத்தோமே தவிர, ஒருவரிடமும் பெயர் கேட்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இந்தத் தீவில் படம் எடுத்தவர்களைப் பற்றியும் எடுக்கப்பட்டவர்களைப் பற்றியும் வாசிக்கத் தொடங்கினோம். நாங்கள் செய்த பிழைக்கு நூற்றைம்பது வருச வரலாறு இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியவந்தது.

களுத்துறையில் ஒரு கமெரா

ஒளிப்பட வரலாற்றில் மிகப் பெரிய பெயர்களில் ஒன்று ஜூலியா மார்கரட் கமரன். அவர் படமெடுப்பைத் தொழிலாகக் கற்றவர் அல்ல. 1863இல், 48 வயதில், மகள் அன்பளிப்பாகக் கொடுத்த கமெராவோடு தொடங்கியவர். இங்கிலாந்தில் டார்வினையும் கவிஞர் டெனிசனையும் வானியலாளர் ஹேர்ஷலையும் படமெடுத்தார். அந்தப் படங்கள் எல்லாம் இன்றைக்கும் அவரவர் பெயரோடேயே அறியப்படுகின்றன.

1875இல் அவருடைய குடும்பம் இலங்கைக்கு வந்தது. கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது காய முதல் படமெடுத்துக் கழுவவேண்டிய காலம் அது. எங்கட வெக்கையில் அது லேசான வேலை இல்லை. 1879இல் இறக்கும்வரை அவர் இங்கு எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே இன்று எஞ்சியுள்ளன. அவரைப் புதைத்த இடம் பொகவந்தலாவையில் உள்ள தேவாலயம்.

அந்தப் படங்களில் இருப்பவர்கள் பெரும்பாலும் இங்கத்தைய சாதாரண சனங்கள். 1878இல் எடுத்த ஒரு படத்தின் பெயர் "களுத்துறைக் குடியானவர் குழு". அவ்வளவுதான். டார்வினுக்குப் பெயர் இருந்தது, களுத்துறை ஆக்களுக்குத் தொழில் மட்டும் இருந்தது. 1877இல் அவரது வீட்டுக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த் தன் நினைவுக்குறிப்பில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஒரு மனிதரின் முதுகின் அழகு கமரனுக்குப் பிடித்துவிட்டதாம். அவரைத் தோட்டக்காரராக வைத்துக்கொள்ளச் சொல்லி மகனிடம் அடம்பிடித்தாராம். வீட்டில் தோட்டமே இல்லை! வாசிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அந்த மனிதரின் முதுகு வரலாற்றில் நிற்கிறது, பெயர் நிற்கவில்லை.

கமரன் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவருடைய படங்களில் அந்த முகங்களுக்கு ஒரு கம்பீரம் இருக்கிறது. பின்னாளில் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கிய பயணிகளுக்கு விற்ற தபாலட்டைகளோடு ஒப்பிட்டால் இது தெரியும். அந்த அட்டைகளில் "தமிழ்ப் பெண்", "கொழுந்து பறிக்கும் தமிழர்" என்று அச்சடித்திருப்பார்கள். கப்பலில் போகிறவர் ஊருக்கு அனுப்புகிற ஒரு மாதிரி உரு. ஆள் யாராக இருந்தால் என்ன?

இப்போது எங்கட "கடலின் மைந்தர்கள்" என்ற தலைப்பைத் திரும்பப் பாருங்கள். நாங்களும் ஒரு தபாலட்டைதான் அடித்திருக்கிறோம்.

கமெரா எல்லார் கைக்கும் வந்த கதை

1888இல் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் கொடக் கமெராவை விற்பனைக்கு விட்டார். விலை 25 டொலர். உள்ளே நூறு படத்துக்கான சுருள். எடுத்து முடிந்ததும் கமெராவை அப்படியே கொம்பனிக்கு அனுப்பவேண்டும். அவர்கள் கழுவி, அச்சிட்டு, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். 1900இல் பிறவுனி என்ற அட்டைப்பெட்டிக் கமெரா ஒரு டொலருக்கு வந்தது. இரசாயனம் தெரியாத ஒருவர், ஒரு சின்னப் பிள்ளை கூட, படமெடுக்கலாம் என்ற நிலை அப்போதுதான் உருவானது. பிறந்தநாள், கடற்கரை, வீட்டு நாய் என்று அன்றாடம் படமானது இந்தக் கமெராக்களால்தான்.

இலங்கையில் இந்தத் தொழிலல்லாப் படமெடுப்பின் பெரிய ஆள் லயனல் வென்ட். 1900இல் பிறந்தவர், சட்டம் படித்தவர், பியானோ வாசிப்பவர். 1934இல் வந்த "சோங் ஒஃப் சிலோன்" ஆவணப்படத்தில் கேட்கும் குரல் அவருடையது. மீனவர்கள், கடற்கரைகள், கிராமங்கள், மனித உடல்கள் என்று எடுத்துக்கொண்டே இருந்தார். 1944இல், 44 வயதில், இறந்துபோனார். அதன்பிறகு அவருடைய நெகற்றிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தோம். நெகற்றிவ் போய்விட்டது. அப்படியென்றால் நாம் இன்று பார்க்கிற வென்ட் எங்கிருந்து வந்தார்? அவர் உயிரோடு இருக்கும்போதே அச்சிட்டு வைத்த பிரதிகளிலிருந்துதான். 1950இல் நண்பர்கள் அவருடைய படங்களை ஒரு புத்தகமாக வெளியிட்டார்கள். பெட்டிக்குள் பூட்டியிருந்தது போய்விட்டது, தாளுக்கு வந்து பல கைக்குப் போனது மிஞ்சியது. படத்தைப் பகிர்வது பெருமை பேசுகிற விசயம் என்று சிலர் நினைக்கிறார்கள். சில நேரங்களில் ஒரு படம் பிழைப்பதற்கு இருக்கிற ஒரே வழியும் அதுதான்.

துவக்கிலிருந்து கமெராவுக்கு

காட்டு விலங்குப் படங்களின் வரலாறு கொஞ்சம் வேறு. ஆங்கிலத்தில் துவக்கால் சுடுவதற்கும் படமெடுப்பதற்கும் ஒரே சொல். அது தற்செயலானது இல்லை என்பதுபோலத்தான் இந்த வரலாறும் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மேஜர் றொஜர்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரி இந்தத் தீவில் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1894இல் உருவான விலங்குப் பாதுகாப்புச் சங்கமும் முதலில் வேட்டைக்காரர்களின் சங்கம்தான். சுடுவதற்கு விலங்கு மிஞ்சவேண்டுமே என்ற கவலை! யால 1900இல் ஒதுக்கிடமாகத் தொடங்கி, 1938இல்தான் தேசிய பூங்கா ஆனது. இங்கிலாந்தில் கியேட்டன் சகோதரர்கள் பறவைக் கூடுகளைப் படமெடுத்து 1895இல் நூலாக்கினார்கள். மெல்ல மெல்ல, சுவரில் மாட்டுகிற கொம்புக்குப் பதிலாகச் சுவரில் மாட்டுகிற படம் வந்தது.

ஆனால் வேட்டைக்காரரின் குணம் கமெராவுக்குள்ளும் வந்துவிடும். மன்னாரில் பூநாரை வருகிற காலத்தில் பாருங்கள். கூட்டம் ஒன்றாகப் பறக்கிற படம் வேண்டும் என்பதற்காகக் கத்துகிறவர்கள் இருக்கிறார்கள், தண்ணீருக்குள் ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பறந்து வருகிற பறவைகளும் அந்த ஏரியில் இரை தேடுகின்றன. வங்காலை 2008இல் சரணாலயமாக்கப்பட்டது. 2010இல் ராம்சார் சாசனத்தின்கீழ் சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாகவும் பதியப்பட்டது. அது பறவைக்குக் கிடைத்த பாதுகாப்பு, எங்களுக்குக் கிடைத்த ஸ்ரூடியோ இல்லை.

அதேநேரம் திகதியும் இடமும் குறித்த ஒரு சாதாரணப் பறவைப் படம் அறிவியலுக்கு உதவுகிறது. 2002இல் தொடங்கிய ஈபேர்ட் போன்ற தளங்கள், உலகெங்கும் சாதாரண ஆக்கள் அனுப்புகிற பதிவுகளில்தான் ஓடுகின்றன. எந்தப் பறவை எந்த மாதம் எங்கே நின்றது என்பதை, நாமும் ஒரு போனோடு சொல்லலாம். ஒன்றே ஒன்று: கூட்டையோ குஞ்சையோ எடுத்தால் இடத்தைச் சொல்லக்கூடாது. மனிதருக்குப் பெயர் சொல்வது மரியாதை. கூட்டுக்கு இடம் சொல்லாமல் விடுவது மரியாதை.

படம் இல்லாத ஊர்

திரும்ப மயிலிட்டிக்கு வருவோம். அந்தத் தங்கச்சியோடு பேசி, மன்னிப்புக் கேட்டு, மூன்றாவது படத்தைப் பெரிதாக அச்சிட்டுக்கொண்டு அவருடைய அப்பப்பாவைப் பார்க்கப் போனோம். படத்தைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என்ர வலை இல்லை, தம்பியின்ர வலை" என்றுதான் முதலில் சொன்னார். பிறகு சிரித்தார். "நாங்கள் மீன் பிடிக்கிறம், நீங்கள் படம் பிடிக்கிறீங்கள். பிடிச்சதை என்ன செய்யிறது எண்டு தெரியவேணும், பிள்ளையள்."

1990 யூனில் மயிலிட்டிச் சனங்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். துறைமுகம் திரும்பக் கிடைத்தது 2017 யூலையில். இடையில் 27 வருசம் அது உயர்பாதுகாப்பு வலயம். ஐயா வெளிக்கிட்டபோது பிள்ளைகளையும் ஒரு பையையும் தூக்கிக்கொண்டு வந்தவர். கலியாண அல்பம் அலுமாரிக்குள் இருந்ததாம். "நாலு நாளில திரும்பி வரலாம் எண்டுதானே நினைச்சம்." திரும்பிப் போனபோது அல்பம் மட்டுமில்லை, அலுமாரி இருந்த வீடும் இல்லை. பழைய துறைமுகம் எப்படி இருந்தது என்று பேரப்பிள்ளைகள் கேட்டால் கையால் காற்றில் வரைந்து காட்டுவாராம். காட்ட ஒரு படம் இல்லை.

இது அவருடைய கதை மட்டும் இல்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் 1995 இடப்பெயர்வில், 2004 கடல்கோளில், 2009 வன்னியில் எத்தனை வீட்டு அல்பங்கள் போயின என்று ஒருவரும் எண்ணியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்ன நூலகம் எரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் தண்ணியில் போயிருக்கிறது.

மிஞ்சிய படங்களின் பாரம் என்ன என்பதை அறிய வேண்டுமென்றால், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகளிடம் போங்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இல் தொடங்கிய போராட்டத்தில் அம்மாமார் கையில் வைத்திருந்தவை என்ன? பிறந்தநாளில் எடுத்த படம். அடையாள அட்டைக்கு எடுத்த படம். கலியாண வீட்டுக் கூட்டத்தில் நின்ற முகத்தை மட்டும் வெட்டிப் பெருப்பித்த படம். எடுத்த நேரத்தில் அதற்கு எந்த முக்கியமும் இல்லை. இன்று அது சாட்சி. கவனித்தீர்களா, அந்தப் படங்கள் பெயரோடு வருகின்றன. ஆரென்று தெரியாத முகமாகப் பிள்ளையைப் போகவிட அந்த அம்மாமார் தயாராக இல்லை. களுத்துறையில் எழுதப்படாமல் போனதைக் கிளிநொச்சியில் அம்மாமார் எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்றுதான் எங்களுக்குப் பட்டது.

இனி என்ன செய்யலாம்?

நாங்கள் ஐந்து பேரும் எங்களுக்குள் சில ஒழுங்குகள் போட்டுக்கொண்டோம். பெரிய கொள்கைப் பிரகடனம் ஒன்றும் இல்லை, செய்யக்கூடியவைதான்.

ஆளைப் படமெடுத்தால் கேட்டு எடுப்பது. பகிரலாமா, பெயர் போடலாமா என்றும் கேட்பது. வேண்டாம் என்றால் விடுவது. எல்லாருக்கும் பெயர் வெளியில் வருவது பாதுகாப்பாக இருக்காது என்பது எங்கட ஊரில் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அப்படியான படத்தின் பெயரை எங்கட கொப்பியில் மட்டும் குறித்துவைப்பது.

இடம், திகதி இல்லாமல் ஒன்றும் பகிர்வதில்லை, பறவைக் கூடுகளைத் தவிர. துறைமுகங்களில் எங்கே எடுக்கலாம், எங்கே எடுக்கக்கூடாது என்று முதலே விசாரிப்பது. வருசத்துக்கு ஒருக்காலாவது சில படங்களை அச்சிட்டு, படத்தில் இருப்பவருக்கு ஒரு பிரதி கொடுப்பது. போன் பழுதானால், கணக்கு முடங்கினால் போகிற படம், ஐயாவின் அலுமாரிக்குள் இருந்த அல்பத்தைவிடப் பாதுகாப்பானது என்று நினைக்கவேண்டாம்.

பழைய படங்களுக்கும் வழி இருக்கிறது. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் புத்தகங்களோடு நிற்காமல் படங்களையும் ஆவணங்களையும் எண்ணிமப்படுத்திச் சேர்த்துவருகிறது. ஆனால் ஆரென்று தெரியாத படத்தை எந்த நிறுவனமும் ஆரென்று ஆக்கமுடியாது. அதைச் செய்யக்கூடிய ஆக்கள் எங்கட வீட்டிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கு வயது போய்க்கொண்டிருக்கிறது.

அதனால் இந்த விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால், பிஸ்கற் ரின்னுக்குள்ளோ பழைய சூட்கேசுக்குள்ளோ கிடக்கிற படங்களை எடுத்துக்கொண்டு அம்மம்மாவுக்குப் பக்கத்தில் இருங்கள். "இது ஆர்? எங்க எடுத்தது?" என்று ஒவ்வொன்றாய்க் கேளுங்கள். சொல்வதைப் பென்சிலால், அழுத்தாமல், பின்பக்கத்தில் எழுதுங்கள். பேனை மை முன்பக்கத்துக்கு ஊறும்.

ஐயாவிடம் விடைபெறும்போது படத்தைத் திருப்பிக் கேட்டு வாங்கினார் எங்களில் ஒருத்தர். பின்பக்கத்தில் எழுதுவதற்காக. ஐயா தானே எழுதுகிறேன் என்று பென்சிலை வாங்கிக்கொண்டார். தன் பெயர், மயிலிட்டி, திகதி. அதற்குக் கீழே இன்னொரு வரியில், "வலை தம்பியினுடையது" என்று எழுதி, தம்பியின் பெயரையும் போட்டார்.