முப்பது வரி நிரலும் பம்பாயில் ஏறிய கப்பலும்

ஜூரோங்கில் உள்ள நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும் ஒரு மாணவரிடம் ஓர் இயற்பியல் சூத்திரத்தைக் கொடுத்து, சி மொழியில் நிரல் எழுதச் சொல்லுங்கள். மலைக்க மாட்டார். மடிக்கணினியைத் திறந்து முப்பது வரி எழுதுவார். விடை ஒரு விநாடிக்குள் திரையில் வந்து நிற்கும். இவ்வளவு சுலபமாகிவிட்ட பிறகு சூத்திரத்தின் பின்னால் இருக்கும் இயற்பியலை எதற்காகப் படிக்க வேண்டும்? பெற்றோரும் இளையர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை தேட, தமிழர் ஒருவர் போட்ட கணக்கைத் திரும்பிப் பார்க்கலாம்.

லேன் - எம்டன் சமன்பாடு என்று ஒன்று உண்டு. விண்மீன் தன் எடையாலேயே உள்நோக்கி நசுங்கப் பார்க்கிறது. உள்ளிருக்கும் அழுத்தம் அதை வெளியே தள்ளுகிறது. இரண்டும் சரிக்குச் சரியாக நிற்கும்போது, மையத்திலிருந்து விளிம்பு வரை அடர்த்தி எப்படிக் குறைகிறது என்பதைச் சொல்வதே அந்தச் சமன்பாடு. அமெரிக்கரான ஹோமர் லேன் 1870ல் இதற்கு அடிகோலினார். ராபர்ட் எம்டன் 1907ல் வெளியிட்ட நூலில் விடைகளை அட்டவணைகளாகவே தந்தார். அத்தனையும் கைக்கணக்கு. பொருளின் தன்மைக்கு ஏற்ப இந்தச் சமன்பாட்டில் ஒரு குறியெண் மாறும். கதையே அந்தக் குறியெண்ணில்தான் இருக்கிறது.

1930 ஜூலை 31. சென்னை மாநிலக் கல்லூரியில் படிப்பை முடித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்வதற்காகப் பம்பாயில் கப்பல் ஏறினார். வயது 19. எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன வெண்குறுமீன்களைப் பற்றி ஆர்.எச். ஃபவுலர் எழுதியதை அவர் ஏற்கெனவே ஆராய்ந்திருந்தார். ஃபவுலரின் கணக்கில் குறியெண் ஒன்றரை. அதன்படி எவ்வளவு கனத்த விண்மீனும் கடைசியில் வெண்குறுமீனாகி ஓய்வு பெறலாம்.

கப்பலில் சந்திரசேகருக்கு ஒரு சந்தேகம் எழுந்தது. அவ்வளவு நெருக்கடியில் எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்குமே, ஐன்ஸ்டைனின் சார்பியலைச் சேர்க்க வேண்டாமா? சேர்த்துப் பார்த்தார். ஒன்றரை மூன்றாக மாறியது. மூன்று என்று வந்ததும் விண்மீனின் எடைக்கு ஒரே ஒரு மதிப்புதான் கிடைத்தது. அதைத் தாண்டினால் தாங்கிப் பிடிக்க எதுவும் இல்லை. மூன்றுக்கு உரிய எண்களை எம்டன் என்றோ போட்டு வைத்திருந்தார். ஆகவே கணக்குப் போடும் சிரமம் பெரிதாக இல்லை. எந்த எண்ணைப் போடுவது என்று தெரிந்ததே பெரிது.

சி மொழியை டென்னிஸ் ரிச்சி அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியது 1972 வாக்கில்தான். இன்று அதே சமன்பாட்டை அதில் எழுதும் மாணவர் இரண்டு இடங்களில் இடறுவார். முதலாவது, மையம். அங்கே தூரம் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால், வந்தது எண்ணே அல்ல என்று கணினி கைவிரித்துவிடும். மையத்தை விட்டுச் சற்றுத் தள்ளித் தொடங்க வேண்டும். இந்தப் பிழை கண்ணுக்குத் தெரிவதால் ஆபத்தில்லை.

இரண்டாவதுதான் பொல்லாதது. ஒன்றரை என்பதற்கு 3/2 என்று எழுதினால், முழு எண்ணை முழு எண்ணால் வகுத்து, மீதியைத் தள்ளிவிட்டு, 1 என்று வைத்துக்கொள்வது சி மொழியின் வழக்கம். பிழைச் செய்தி வராது. நிரல் ஓடும். விண்மீனின் விளிம்பு 3.654 என்று வர வேண்டிய இடத்தில் 3.1416 என்று வரும். பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த 'பை'யின் மதிப்பு அது! விடை இவ்வளவு அழகாக இருக்கிறதே என்று மாணவர் பூரித்துப் போவார். குறியெண் 1 என்றால் விடை 'பை'தான் என்று படித்திருப்பவர் மட்டுமே திடுக்கிடுவார்.

அப்போது பிரதமராக இருந்த திரு லீ சியன் லூங், தாம் எழுதிய சுடோக்குப் புதிர் நிரலை 2015ல் வெளியிட்டது நேயர்கள் பலருக்கு நினைவிருக்கலாம். அது சி மொழியின் வழிவந்த சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதியது. சுடோக்குவில் விடை சரியா என்று கட்டங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். விண்மீனிடம் போய் அப்படிச் சரிபார்க்க முடியாது.

சந்திரசேகருக்கும் அதுதான் நேர்ந்தது. 1934ல் அவர் குறுக்கு வழிகளை விட்டு, முழுச் சூத்திரத்தையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு விண்மீனாகக் கையால் சுற்றும் கணக்குப் பொறியில் போட்டுத் தீர்த்தார். இதற்கு எம்டனின் அட்டவணை உதவாது. வேலை எப்படிப் போகிறது என்று ஆர்தர் எடிங்டன் அடிக்கடி வந்து கேட்டுக்கொண்டிருந்தார். 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகத்தில் சந்திரசேகர் தம் முடிவுகளைச் சொல்லி அமர்ந்ததும், அதே எடிங்டன் எழுந்து கேலி பேசினார். கூட்டல் கழித்தலில் அவர் பிழை காட்டவில்லை. சூத்திரத்தின் அடிப்படையே தவறு என்றார், விண்மீன் இப்படி நடந்துகொள்ள இயற்கை விடாது என்றார். சபை சிரித்தது. 24 வயது இளைஞருக்கு அது எப்படி இருந்திருக்கும்! 1983ல் நோபெல் பரிசு வந்தபோது சந்திரசேகருக்கு வயது 73.

மாணவரின் நிரலில் இன்னும் ஓர் எண் பாக்கி இருக்கிறது. எலக்ட்ரான் ஒன்றுக்கு எத்தனை பங்கு அணுக்கரு எடை என்பது அது. இன்றைய வழக்கப்படி இரண்டு என்று போட்டால், எல்லை சூரியனைப் போல் சுமார் 1.46 மடங்கு என்று வருகிறது. நுட்பமான திருத்தங்களைச் சேர்த்துப் பாடநூல்கள் 1.4 மடங்கு என்பார்கள். இரண்டை இரண்டரையாக மாற்றி மறுபடி ஓட்டினால் 0.93. சந்திரசேகர் 1931ல் அச்சிட்ட கட்டுரையில் இருப்பது 0.91. அன்று அவர் எடுத்துக்கொண்டது இரண்டரை.