தண்ணீர்ப் பந்தலும் வீட்டுப் பானங்களும் – ஒரு வரலாற்றுப் பார்வை

ஆலயத் திருவிழா என்றதும் தேரும் காவடியும் நாதஸ்வர ஓசையும் நினைவுக்கு வருவது இயல்பு. வீதியோரத்துப் பந்தலின் நிழலில் ஒதுங்கி நின்று, ஒரு குவளை மோரை வாங்கிப் பருகி, முகம் தெரியாதவர் ஒருவருக்குக் கைகூப்பிவிட்டு நடக்கும் காட்சியும் திருவிழாவின் ஓர் அங்கமே. அன்னதானத்தின் சிறப்பு மேடைதோறும் பேசப்படுகின்றது. தாகம் தீர்த்தவரைப் பற்றிய பேச்சு அரிதாகவே எழுகின்றது. ஆயினும் தமிழர் சமய வரலாற்றில் தண்ணீர்ப் பந்தலுக்கு உள்ள இடம் அன்னசத்திரத்தின் இடத்திற்குச் சிறிதும் குறைந்ததன்று.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெருமான் அருளிய பெரிய புராணத்தில் வரும் அப்பூதியடிகள் வரலாறு பக்தர்கள் அறிந்ததே. திருவையாற்றுக்கு அருகிலுள்ள திங்களூரில் வாழ்ந்த அந்தணர் அவர். திருநாவுக்கரசரை நேரில் காணுமுன்னரே அவர் பெயரைத் தம் மக்களுக்கு இட்டார். அறச்சாலைகளுக்கும் அதனையே இட்டார். வழிப்போக்கர்க்கென அமைத்த தண்ணீர்ப் பந்தலிலும் அப்பெயரையே எழுதிவைத்தார். அவ்வழியே வந்த நாவுக்கரசர், பந்தலில் தம் பெயரைக் கண்டு வியந்து, அமைத்தவர் யாரென விசாரித்து அவர் இல்லம் சென்றார். 'உமது பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதிய காரணம் என்ன?' என்னும் பொருள்பட அவர் வினவியபோது அப்பூதியார் சினங்கொண்டார் என்றும், வந்தவர் நாவுக்கரசரே என அறிந்தபின் அடிபணிந்தார் என்றும் புராணம் கூறும்.

பின்னர் நாகம் தீண்டிய மகனை நாவுக்கரசர் பதிகம் பாடி எழுப்பிய அற்புதமே பெரிதாகப் பேசப்படுகின்றது. அந்த அற்புதத்திற்கு வழிகோலியது ஒரு தண்ணீர்ப் பந்தல் என்பதும் எண்ணத்தக்கது. அந்தணர் ஒருவர் வேளாளர் குலத்து அடியார் பெயரால் எல்லோருக்கும் தண்ணீர் வார்த்தார். ஒருவர் கையால் மற்றவர் நீர் வாங்கிப் பருகுவதிலேயே சாதி பார்க்கப்பட்ட சமுதாயத்தில் இது சிறிய செயலன்று. இக்காலத்துப் பந்தல்கள் சிலவற்றின் முகப்பில் உபயதாரரின் படமும் பட்டங்களும் பானைகளை மறைக்கும் அளவுக்குப் பெரிதாக விளங்குவதைக் காண்போர்க்கு அப்பூதியடிகள் நினைவுக்கு வராமல் இருக்கமாட்டார்.

புராணம் கூறுவதைக் கல்வெட்டுகளும் உறுதிசெய்கின்றன. சோழர் காலத்தில் தண்ணீர்ப் பந்தலுக்கென நிலமும் பொன்னும் நிவந்தமாக விடப்பட்டன. நீர் இறைத்துக் கொண்டுவருபவருக்கும், அதனை வார்ப்பவருக்கும், கலம் தரும் குயவருக்கும் தனித்தனியே நெல் ஒதுக்கப்பட்டது. காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள திருமுக்கூடலில், வீரராசேந்திர சோழனின் ஆட்சியில், 1068-ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பட்ட நெடிய கல்வெட்டு புகழ்பெற்றது. பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை ஒன்றின் செலவுகளை விவரிக்கும் அக்கல்வெட்டு, ஏலமும் இலாமிச்சை வேரும் இட்ட குடிநீருக்கும் இடம் தருகின்றது. வெறும் நீரைத் தருவதோடு நில்லாமல், அதனை மணமும் குளிர்ச்சியும் உடையதாக்கித் தரவேண்டும் என்ற எண்ணம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே இருந்திருக்கின்றது.

மோரின் வரலாறு இன்னும் பழைமையானது. சங்க இலக்கியத்தில் அதற்கு 'அளை' என்றொரு பெயர் உண்டு. பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆயர் மகள், விடியலில் தயிர் கடைந்து வெண்ணெய் எடுத்து, மோர்ப் பானையைத் தலையில் சுமந்து விற்கச் செல்கின்றாள். மோரை விற்றுப் பெற்ற உணவுப்பொருளால் சுற்றத்தாரை உண்பிக்கின்றாள். நெய்யின் விலையாகப் பொன்னைக் கொள்ளாமல் எருமையையும் பசுவையும் வாங்குகின்றாள். மோர் அன்றைய வயிற்றுக்கும், நெய் நாளைய கொட்டிலுக்கும் ஆயின. வீட்டுக் கணக்கை இவ்வளவு தெளிவாக வைத்திருந்த குடும்பத் தலைவியை இலக்கியத்தில் வேறெங்கும் எளிதில் காண இயலாது.

பானகம் பெரும்பாலும் நிவேதனமாகவே அறியப்படுகின்றது. வெல்லத்தை நீரில் கரைத்து, சுக்கும் ஏலமும் சேர்த்து, எலுமிச்சைச் சாறு பிழிந்து செய்யப்படும் இது, இராமநவமியன்று நீர்மோருடன் படைக்கப்படுவது வழக்கம். ஆந்திர மாநிலத்து மங்களகிரியில் நரசிம்மப் பெருமானின் திருவாயில் பானகத்தையே வார்க்கின்றனர். வார்த்ததில் ஒரு பகுதி பக்தர்களுக்குப் பிரசாதமாகத் திரும்பக் கிடைக்கின்றது. மதுரையில் சித்திரைத் திருவிழாவின்போது அழகர் வரும் வழிநெடுக நீர்மோரும் பானகமும் வழங்கப்படுகின்றன. பங்குனி தொடங்கி வைகாசி வரையிலான கடும் வெயிற்காலமே தாயகத்தில் தண்ணீர்ப் பந்தலின் காலம்.

மலாயா வந்த தமிழர் இக்கால ஒழுங்கை மாற்ற நேர்ந்தது. தமிழ்நாட்டில் தைப்பூசம் பனி விலகாத நாளில் வருகின்றது. பினாங்கிலோ சனவரி, பிப்ரவரி மாதங்கள் மழை குறைந்து வெயில் ஏறும் மாதங்கள். ஆகவே கோடைக்குரிய பந்தல் இந்நாட்டில் தைப்பூசத்துடன் இணைந்துவிட்டது. கடல் கடந்த ஒரு சமுதாயம் தன் வழக்கத்தைப் புதிய மண்ணின் வானிலைக்கு ஏற்ப அமைத்துக்கொண்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பினாங்கு முருகன் எழுந்தருளிய இடத்திற்கே தண்ணீர்மலை என்பது பெயர். அங்குள்ள அருவியின் நன்னீரைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகத்திற்கு வந்த கப்பல்கள் நிரப்பிச் சென்றன. நகரத்தாரின் வெள்ளி ரதம் 1894-ஆம் ஆண்டு முதல் அம்மலை நோக்கிச் செல்கின்றது. ரதம் செல்லும் சாலையின் இருமருங்கிலும் பந்தல்கள் அணிவகுத்து நிற்பது அவ்வூரின் தனிச்சிறப்பு. தேங்காய் உடைப்பதில் பங்குகொள்ளும் சீன அன்பர்கள் பானம் வழங்குவதிலும் பங்குகொள்கின்றனர். கோலாலம்பூரில் மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து பத்துமலைக்கு ஏறத்தாழ 15 கிலோமீட்டர். 1892-ஆம் ஆண்டு முதல் அங்குத் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகின்றது. வெறுங்காலுடன் அத்தொலைவை நடப்பவர்க்கு வழியில் கிடைக்கும் ஒரு குவளை நீரின் அருமையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு முருகன் ஆலயம் வரையிலான நடைபயணம் இதனினும் மிகக் குறுகியதாயினும், அங்கும் இத்தொண்டு சிறப்புற நடைபெறுகின்றது.

பெருநகர விழாக்களுக்கு அப்பால், இப்பானங்கள் உண்மையில் உயிரோடு இருந்த இடம் தோட்டப்புறம். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டச் சென்ற தொழிலாளிக்கு, முதல்நாள் சோற்றில் ஊறிய நீராகாரமே காலைப் பானம். உப்பும் சின்ன வெங்காயமும் இருந்தால் போதும். சிறிது மோரும் சேர்ந்தால் அது விருந்து. லயன் வீடுகளின் பின்புறம் மாடு வளர்த்த குடும்பங்கள் தோட்டந்தோறும் இருந்தன. பாலை விற்றதுபோக எஞ்சியது தயிராகி, மோராகி, அண்டை வீடுகளுக்கும் சென்றது. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோயில் வாசலில் வார்க்கப்பட்ட கூழிலும் மோர் கலந்தது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்த மாவும் மோரும் ஒரே அண்டாவில் சேர்ந்தபோது, யார் வீட்டுப் பங்கு எது என்று பிரித்தறிய வழியில்லாமல் போயிற்று.

அதே தோட்டத்தில் மற்றொரு பானமும் இருந்தது. கள்ளுக்கடை, தோட்ட நிர்வாகங்களின் ஆதரவிலும் காலனி அரசின் அனுமதியிலும் இயங்கியது. உழைப்பாளியின் கூலி எந்த வழியாக வெளியேறியது என்பதை வீட்டுப் பெண்கள் நன்கறிந்திருந்தனர். 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. போருக்குப் பின் கெடாவில் எழுந்த தொண்டர் படை மதுவிலக்கைத் தன் முதன்மைப் பணியாகக் கொண்டது. 1947-இல் பீடோங் அருகே ஹார்வர்டு தோட்டத்தில் அப்படையினர் நடத்திய கள்ளுக்கடை மறியல் காவல்துறையினருடன் மோதலில் முடிந்தது. எதைப் பருகுவது என்பது அன்று உணவுப் பிரச்சினையாக மட்டும் இருக்கவில்லை. ஒரு சமுதாயத்தின் மானப் பிரச்சினையாகவும் இருந்தது.

வீட்டுப் பானங்கள் குறைந்ததற்குக் காரணங்கள் பல. சோடா முதலிய காற்றடைத்த பானங்கள் இப்பகுதிக்கு முன்னரே வந்துவிட்டன. பிரேசர், நீவ் என்னும் இருவர் சிங்கப்பூரில் அத்தொழிலைத் தொடங்கியது 1883-இல். எனினும் புட்டியில் அடைத்த பானம் நெடுங்காலம் தோட்ட மக்களுக்கு விழாக்காலப் பண்டமாகவே இருந்தது. டின் பால் எல்லா வீடுகளுக்கும் வந்தபோது கறந்த பாலின் தேவை குறைந்தது. தோட்டத் துண்டாடலுக்குப் பின்னும், ரப்பர் நிலங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய பின்னும், மாட்டுக் கொட்டில்கள் மறைந்தன. அடுக்குமாடி வீட்டில் மாடு வளர்க்க இயலாது, தயிர் உறையூற்றலாம். ஆனால் அந்தப் பழக்கமும் பல இல்லங்களில் விடுபட்டுப் போயிற்று. பந்தல்களில் மோரின் இடத்திற்கு ரோஜா நிறச் சாறும் டின் பாலும் கலந்த ஆயர் பண்டோங் வந்தது. பின்னர் உறிஞ்சுகுழலோடு கூடிய அட்டைப்பெட்டிப் பானங்கள் வந்தன. ஆயர் பண்டோங் மலாய் அண்டைவீட்டாரின் அன்பளிப்பு; அதனை ஏற்றதில் குறையொன்றுமில்லை. அட்டைப்பெட்டிகளின் கதை வேறு. விழா முடிந்த மறுநாள் காலையில் சாலையோர வடிகால்களைப் பார்த்தால் அது விளங்கும்.

இன்னொன்றும் மறைக்கத்தக்கதன்று. மலேசிய சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு ஆய்வு, வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவு உடையோர் எனக் கண்டது. முக்கிய இனங்களுள் இந்தியரிடையேதான் அதன் விகிதம் மிகுதி. அவ்வாண்டு சூலை முதல் நாள் தொடங்கி, 100 மில்லிலிட்டருக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை கொண்ட இனிப்புப் பானங்களுக்கு அரசு லிட்டருக்கு 40 சென் கலால் வரி விதித்தது. இந்நிலையில் நோன்பிருந்து நடந்து வரும் ஐம்பது வயது பக்தருக்கு, நூறு அடிக்கு ஒரு பந்தலில் ஒரு குவளை சர்க்கரை நீரைக் கொடுப்பது எவ்வகைப் புண்ணியம் என்று கேட்கத்தான் வேண்டும்.

பானகம் இக்கேள்வியிலிருந்து தப்பிவிட முடியாது. வெல்லமும் சர்க்கரையே. 20 லிட்டர் நீருக்கு 3 கிலோ வெல்லம் இட்டால் அது கடைப் பானத்தையும் மிஞ்சிவிடும். ஒரு கிலோ போதும். சுக்கும் ஏலமும் எலுமிச்சையும் குறையை நிறைத்துவிடும். வெல்லம் கிடைக்காதபோது தென்னம்பாளைச் சாற்றில் காய்ச்சப்படும் குலா மலாக்கா நன்கு பொருந்தும், மணமும் கூடும். எதுவாயினும் நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டிய பின்னரே சுக்குப் பொடி சேர்க்கவேண்டும். பானகம் நிவேதனப் பொருளாதலின் சிறு கிண்ணத்தில் பிரசாதமாக வழங்கப்படுவதே அதற்கு அழகு. தாகம் தீர்க்க வேண்டிய பொறுப்பு நீர்மோருடையது.

வியர்வையில் நீர் மட்டுமின்றி உப்பும் வெளியேறுகின்றது. அவ்விரண்டையும் ஒருங்கே திருப்பித் தருவதே நீர்மோரின் சிறப்பு. நூறு பேருக்கு ஆளுக்கு 200 மில்லிலிட்டர் வீதம் 20 லிட்டர் தேவை. அதற்கு 4 லிட்டர் தயிரும் 16 லிட்டர் நீரும் சரியான அளவு. தயிரை முதலில் சிறிது நீர் விட்டுக் கடைந்து வெண்ணெயை நீக்கவேண்டும். இஞ்சியைத் தட்டிச் சாறெடுத்து, கறிவேப்பிலையும் கொத்தமல்லித் தழையும் கையால் கிள்ளிப் போட்டு, பெருங்காயம் சிறிதளவும் உப்பு 80 முதல் 100 கிராமும் சேர்க்கலாம். பச்சை மிளகாயைக் கீறி மிதக்கவிட்டுப் பின் எடுத்துவிட்டால் குழந்தைகளும் பருகுவர். நீர் முதல்நாளே கொதித்து ஆறியதாக இருத்தல் அவசியம். பனிக்கட்டியை மோருக்குள் இடுவதைவிட, மோர்ப் பாத்திரத்தைப் பனிக்கட்டி நிறைந்த அண்டாவுக்குள் வைப்பது பாதுகாப்பானது. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரம் எவ்வளவு பளபளப்பாயிருந்தாலும் ஆகாது. புளிப்புப் பட்டால் களிம்பேறும். எவர்சில்வரோ மண்பானையோ நன்று.

இவை அனைத்தும் பணத்தால் மட்டும் நடப்பவையல்ல. அட்டைப்பெட்டிப் பானத்திற்கு ஒரு தொலைபேசி அழைப்பும் ஒரு காசோலையும் போதும். நீர்மோருக்கு முதல்நாள் மாலை முதலே ஆட்கள் வேண்டும். தயிர் உறையூற்றப் பத்து வீடுகள், இஞ்சி தட்ட நால்வர், பந்தலில் வார்க்க முறைவைத்து எண்மர் எனப் பிரித்துக்கொண்டால் சுமை தெரியாது. காகிதக் குவளையைத் தவிர்க்க விரும்பும் ஆலயங்கள் எவர்சில்வர் குவளைகளை ஒருமுறை வாங்கிவிட்டால் பல ஆண்டுகளுக்குப் போதும். ஆனால் அவற்றைச் சுடுநீரில் கழுவி அடுக்க மூவராவது இடைவிடாது நிற்கவேண்டும். சோழர் காலத்தில் கலம் தந்த குயவருக்கும் நெல் ஒதுக்கியதுபோல, உபயப் பட்டியல் தயாராகும்போதே குவளை கழுவுவோரின் பெயரையும் அதில் சேர்த்து எழுதிவிடுவது நல்லது.