மறைத்து வைத்த பெயர்கள்

உயிர்ப்புப் பெருவிழாவின்போது வண்ணமிட்ட முட்டைகளைத் தோட்டத்தில் ஒளித்து வைத்து, குழந்தைகளைத் தேடவிடும் வழக்கம் மேலைநாடுகளில் உண்டு. கணிப்பொறி மென்பொருள்களுக்குள் அவற்றை ஆக்கியோர் ஒளித்து வைத்த வேடிக்கைகளுக்கும் 'ஈஸ்டர் முட்டை' என்றே பெயர். வெறும் குறும்பு என்று இவற்றை நாம் ஒதுக்கிவிடக்கூடும். ஆனால் இவற்றின் வரலாற்றைச் சற்றே நோக்கினால், சிரிப்புக்குப் பின்னே ஓர் ஏக்கம் இருப்பதைக் காண்போம்.

அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் தன் விளையாட்டுகளை ஆக்கியோரின் பெயர்களை அந்நாளில் வெளியிடுவதில்லை. அங்குப் பணியாற்றிய வாரன் ராபினெட், 1980-ஆம் ஆண்டளவில் வெளிவந்த 'அட்வெஞ்சர்' என்னும் விளையாட்டுக்குள் எவருமறியாமல் ஓர் அறையை அமைத்து, அதில் தம் பெயரைப் பொறித்து வைத்தார். சிறுவன் ஒருவன் அதைக் கண்டுபிடித்து நிறுவனத்திற்கு மடல் எழுதினான். 'ஈஸ்டர் முட்டை' என்னும் பெயர் பிறந்தது அப்போதுதான்.

கணிப்பொறியையே இயக்கும் அடிப்படை மென்பொருள்களிலும் இதே வேட்கையைக் காண்கிறோம். 'விண்டோஸ் 95' மென்பொருளில் ஒரு கோப்புறையை உண்டாக்கி, குறிப்பிட்ட சொற்றொடர்களால் மும்முறை பெயர் மாற்றித் திறந்தால், இசையோடு அதை ஆக்கியோரின் பெயர்கள் திரையில் ஊர்ந்து செல்லும். 1985-இல் வெளிவந்த விண்டோஸின் முதற்பதிப்பிலும் இத்தகைய பெயர்ப் பட்டியல் ஒன்று இருந்தது. அது வெளியுலகிற்குத் தெரிய வந்தது 2022-இல். 36 ஆண்டுகளுக்கும் மேலாக அப்பெயர்கள் இருளில் காத்திருந்தன!

எனினும் இதற்கு மறுபக்கமும் உண்டு. கடிதங்களையும் கணக்குகளையும் நாம் இயக்க மென்பொருளிடம் நம்பி ஒப்படைக்கிறோம். அதனுள் நாமறியாத ஒன்று ஒளிந்திருக்குமாயின், தீயது எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று எவ்வாறு நம்புவது? 2002 சனவரியில் பில் கேட்ஸ் தம் பணியாளருக்கு எழுதிய மடலில், நம்பகத்தன்மையே இனி முதன்மையானது என்றார். மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் இவ்வழக்கம் மறைந்ததற்கு இந்த நம்பிக்கைப் பொறுப்பே காரணமாயிற்று.

அப்படியானால் சிரிப்பு குற்றமா? இல்லை. 'டெபியன்' என்னும் கட்டற்ற இயக்க மென்பொருளில் 'ஆப்ட்' கட்டளையோடு 'மூ' என்று தட்டினால் எழுத்துகளால் வரைந்த பசு ஒன்று தோன்றும். அதன் நிரலை எவரும் படித்துப் பார்க்கலாம். ஆகவே அச்சிரிப்பில் ஐயத்திற்கு இடமில்லை. இத்தகைய மென்பொருள்களின் கையேடுகள் பலவற்றில் எழுதியவர் பெயரும் வெளிப்படையாகவே இருக்கும்.

திறப்புவிழாக் கல்லில் கொடுத்தவர் பெயர் இருக்கும். கட்டியவர் பெயர் பெரும்பாலும் இராது. உழைத்தவருக்குரிய பெயரை நாம் வெளிச்சத்தில் வழங்கினால், அதை அவர் இருளில் எழுதி வைக்க வேண்டியதில்லை. அப்போது நம்பிக்கையும் பழுதுறாது. சிரிப்பும் சிரிப்பாகவே நிலைக்கும்.